தலையில் அடிபட்டவனைத் திரும்ப ஆட விடலாமா? ஒரு கல்லூரி கன்கஷன் கிளினிக் பற்றி

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால், அதாவது ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால், ஆடும் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் பேர் இல்லை. என் பெரிய மகன் அவர்களில் ஒருவன். ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரி, டிவிஷன் த்ரீ அணி, அதில் அவன் கார்னர்பேக், எதிரணிக்குப் போகும் பந்தைத் தடுப்பவன். இந்த டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, எல்லாரும் ஆசைக்குத்தான் ஆடுகிறார்கள். பணத்துக்காக ஆடுகிறவனிடம் கணக்குப் பேசலாம். ஆசைக்கு ஆடுகிறவனை உட்கார வைப்பது அதைவிடக் கஷ்டம்.

போன ஆகஸ்ட் முகாமில் அவனுக்குக் கன்கஷன் ஆனது, அதாவது அடிபட்டு மூளை குலுங்கிய காயம். அன்றிலிருந்து மறுபடி மேட்சில் இறங்கும்வரை அவனைப் பார்த்துக்கொண்டது கல்லூரியின் ஸ்போர்ட்ஸ் மெடிசின் பிரிவும் அதோடு சேர்ந்த கன்கஷன் கிளினிக்கும்தான். பிள்ளையை இப்படி ஒரு அணிக்கு அனுப்பப்போகும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த நான்கில் மூன்று, மைதான ஓரத்தில் நின்ற டிரெய்னர் ஒருவருக்கு.

டிரெய்னர் என்றால் ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித் தருகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அத்லெடிக் டிரெய்னர் என்பது உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர். பயிற்சி நடக்கும்போது அணியோடு இருந்து, காயம் பட்டால் முதலில் ஓடி வருபவர். என் மகனுக்கு அடிபட்டதைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிள் ஒன்றில் பின்பக்கமாக விழுந்தபோது தலையின் பின்பகுதி தரையில் மோதியிருக்கிறது. தானே எழுந்து நின்றிருக்கிறான். மயக்கமில்லை, வாந்தியில்லை. மறுபடி பந்தை ஆட எல்லாரும் வரிசையில் நின்றபோது இவன் மட்டும் எதிர்ப்பக்கத்தில் போய் நின்றானாம். டிரெய்னர் அதைக் கவனித்து, அவனை வெளியே கூப்பிட்டு, முதல் வேலையாக அவன் ஹெல்மெட்டை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். ஹெல்மெட் இல்லாமல் யாரும் உள்ளே ஓட முடியாது. சோதனை, கேள்வி எல்லாம் அப்புறம்தான்.

இந்த ஒரு செயலுக்காகவே இவர்களைப் பாராட்டுவேன். கன்கஷன் அறிகுறி தெரிந்த வீரரை உடனே வெளியேற்ற வேண்டும், அன்றைக்கு அவர் திரும்ப ஆடக்கூடாது, பிறகும் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் ஆடக்கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி 2010 முதலே இருக்கிறது. விதி இருந்து என்ன பயன்? 2014 செப்டம்பர் 27 அன்று மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர், பலமாக மோதப்பட்டுத் தள்ளாடி, சக வீரர் மேல் சாய்ந்து நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்படியும் அடுத்து பந்தை ஆடியபோது அவர் உள்ளேயே நின்றார். வெளியே வந்த பிறகும் ஒருமுறை மறுபடி இறக்கப்பட்டார். லேசான கன்கஷனாக இருந்திருக்கலாம் என்று பல்கலைக்கழகம் பின்னால்தான் ஒப்புக்கொண்டது. அப்போது அந்த மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். மறு ஆண்டு, மிச்சிகன் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான பிக் டென் கான்ஃபரன்ஸ், அணியைச் சாராத ஒரு டிரெய்னரை ரீப்ளே அறையில் உட்கார வைத்து, நடுவரோடு நேரடியாகப் பேசும் வசதியும் கொடுத்தது. எங்கள் மாதிரிச் சின்னக் கல்லூரியில் அந்த வசதியெல்லாம் ஏது? ஓரத்தில் நிற்கும் ஒரு ஆளின் கண்ணை நம்பித்தான் எல்லாம்.

அந்தக் கண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் வீரர்களிடம் நடத்தி 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், கன்கஷன் ஆனவர்களில் பாதிப்பேருக்கு மேல் அதை யாரிடமும் தெரிவிக்கவில்லை என்று வந்தது. பெரிய அடியில்லை என்று நினைத்தார்கள், ஆட்டத்தை விட்டு வெளியே வர மனமில்லை, இது கன்கஷன் என்றே தெரியவில்லை. காரணங்கள் இவைதான். என் மகனும் அன்று இரவு ஃபோனில், "அம்மா, ஒண்ணும் இல்லம்மா, சும்மா செக் பண்றாங்க" என்றுதான் சொன்னான். பேசும்போது ஒரே கேள்வியை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டான்.

கிளினிக் பிள்ளைகளிடம் பயம் காட்டாமல் பேசுவது எனக்குப் பிடித்தது. பயம் இந்த வயதில் எடுபடாது. "மறைத்து ஆடினால் அதிக நாள் வெளியே உட்காருவாய்" என்பதுதான் அவர்கள் முன்வைக்கும் வாதம். அதற்கு ஆதாரமும் வைத்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அடிபட்டதும் வெளியே வந்த பதின்வயது வீரர்கள் சராசரியாக 22 நாளில் தேறினார்கள். தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள் ஆனது. முகாம் தொடங்கும் முன் எல்லா வீரர்களுக்கும் இதைப் படம் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். என் மகன் கடைசியில் ஒத்துழைத்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். நான் சொன்னதற்காக இல்லை.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன்.

முதலில் ஒரு தாள் கொடுப்பார்கள். தலைவலி, கழுத்து வலி, வெளிச்சம் கூசுவது, மந்தமாக இருப்பது, எரிச்சல், தூக்கம் வராதது என்று 22 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். இதை நிரப்புவது அடிபட்டவனே என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. அடுத்தது கண். ஒரு சிறிய எழுத்தைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து மெதுவாக மூக்கருகே கொண்டுவருவார்கள். எந்த இடத்தில் அது இரண்டாகத் தெரிகிறதோ அதை அளப்பார்கள். மூக்கிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரிந்தால் பரவாயில்லை. இவனுக்கு அதற்கு வெகுமுன்பே இரண்டாகிவிட்டது. தாளில் எல்லாவற்றுக்கும் 0, 1 என்று போட்டிருந்தவன் முகம் அப்போதுதான் மாறியது என்று டிரெய்னர் சொன்னார்.

பிறகு சமநிலை. இடுப்பில் கைவைத்து, கண்ணை மூடி, முதலில் இரண்டு கால்களும் சேர்த்து, அப்புறம் ஒற்றைக் காலில், அப்புறம் ஒரு காலுக்குப் பின்னால் மறுகால் வைத்து, ஒவ்வொன்றும் 20 விநாடி. பிறகு அதையே மெத்தென்ற ஃபோம் மேல் நிற்க வைத்துச் செய்யச் சொல்வார்கள். கை எடுத்தால், கண் திறந்தால், கால் ஊன்றினால் ஒவ்வொன்றும் ஒரு தவறு. நான் அவனைப் பார்க்கப் போயிருந்த நாளில் இதைக் கண்ணால் பார்த்தேன். பந்துக்காகக் காற்றில் திரும்பிக் குதிக்கிற என் பிள்ளை, ஒரு ஃபோம் துண்டின் மேல் ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் சுவரைத் தேடினான். அங்கே வேலை செய்பவர் "அருமை", "பரவாயில்லை" என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. எண்ணினார், குறித்தார், தண்ணீர் கொடுத்தார். அந்த நிதானம் எங்கள் இருவருக்குமே தேவைப்பட்டது.

மிகவும் பிடித்தது டிரெட்மில் சோதனை. பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. ஒரே வேகத்தில் நடக்க வைத்து நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றத்தைக் கூட்டுகிறார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை இதயத் துடிப்பைக் குறித்துக்கொண்டு, "இப்போது எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை?" என்று கேட்கிறார்கள். தொந்தரவு கூடியதும் நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் இருந்த துடிப்பைக் கணக்கில் வைத்து, அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும்படி தினசரி உடற்பயிற்சி எழுதித் தருகிறார்கள். மருந்துச் சீட்டு மாதிரியே, எவ்வளவு நேரம், எந்தத் துடிப்பு வரை என்று இருக்கும்.

இதைக் கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பதறிவிட்டார்கள். தலையில் அடிபட்டவனை நடக்க விடுவதா, இருட்டறையில் படுக்க வையுங்கள் என்றார்கள். முன்பு மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வெளியிட்ட பரிந்துரை அதற்கு மாறானது. முதல் ஒன்றிரண்டு நாள் லேசான ஓய்வு, ஃபோன், கம்ப்யூட்டர் குறைவு. அதன்பின் நோவைப் பெரிதாகக் கூட்டாத அளவில் நடையும் சைக்கிளும். பதின்வயதினரிடம் நடத்தி 2019-இல் வெளியான சோதனையில், இப்படி உடற்பயிற்சி செய்தவர்களில் பாதிப்பேர் 13 நாளுக்குள்ளும், வெறும் தசைநீட்டல் மட்டும் செய்தவர்களில் பாதிப்பேர் 17 நாளுக்குள்ளும் தேறினார்கள். கிளினிக்கில் இதை எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள். அவசரப்படுத்தவில்லை.

அதன்பின் ஆறு படிகள். அன்றாட வேலை, லேசான ஓட்டம், தனியாகப் பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி, மோதலோடு பயிற்சி, கடைசியில் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நான்காவது படியில் ஏற அறிகுறிகள் முழுதும் நீங்கியிருக்க வேண்டும், மருத்துவர் கையெழுத்தும் வேண்டும். இவனுக்கு நான்காவதில் தலைவலி திரும்பியது. அந்த வாரம் முதல் மேட்ச். டிரெய்னர் யாரையும் கேட்கவில்லை, அவனைப் பழைய படிக்கு இறக்கிவிட்டார். கோச் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் முடியாது. இந்த விஷயத்தில் மருத்துவரும் டிரெய்னரும் சொல்வதே முடிவு, கோச் அதை எதிர்க்க முடியாது என்று என்.சி.ஏ.ஏ. எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்ததை அப்படியே நடத்திக் காட்டும் கோச் கிடைத்தது எங்கள் பாக்கியம்.

இந்தப் பொறுமைக்குப் பின்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2003-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று 25 கல்லூரிகளின் 2,905 ஃபுட்பால் வீரர்களைப் பின்தொடர்ந்தது. ஒரே சீசனில் இரண்டாவது கன்கஷன் ஆனவர்கள் 12 பேர். அவர்களில் 11 பேருக்கு முதல் அடிபட்ட பத்து நாளுக்குள்ளேயே அது வந்துவிட்டது. ஏற்கெனவே மூன்றோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு, ஒன்றுமே ஆகாதவர்களைவிட மூன்று மடங்கு ஆபத்து. அந்தப் பத்து நாளைத் தாண்ட வைத்தாலே பாதி வேலை முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கன்கஷனிலிருந்து திரும்பியவர்களுக்குக் கணுக்கால், முழங்கால் காயங்கள் அதிகம் வருகின்றன என்பதும் கல்லூரி வீரர்களிடம் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். தலை தேறிவிட்டது என்று தாள் சொன்னாலும் உடம்பின் சுதாரிப்பு முழுதும் திரும்பியிருக்காது போல. இதற்காக இவர்கள் கடைசி இரண்டு படிகளில் கால் பயிற்சியையும் சேர்த்திருந்தார்கள்.

இனி குறைகள்.

பேஸ்லைன் சோதனையை எடுத்த விதம் சரியில்லை. சீசனுக்கு முன் ஒவ்வொருவருக்கும் நினைவாற்றல், வேகம் எல்லாம் கம்ப்யூட்டரில் சோதித்து வைத்துக்கொண்டு, அடிபட்டபின் அதோடு ஒப்பிடுவார்கள். ஒப்பிடும் அளவு சரியாக இருந்தால்தானே ஒப்பீட்டுக்கு மதிப்பு? இங்கே ஒரு கூட்டத்தையே ஒரே அறையில் உட்கார வைத்து எடுத்தார்களாம், சிரிப்பும் பேச்சுமாக. வேண்டுமென்றே மந்தமாகச் செய்து மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டால், பின்னால் அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது என்று பையன்களுக்குத் தெரியும். மென்பொருள் அதில் கொஞ்சத்தைக் கண்டுபிடிக்கும், எல்லாவற்றையும் இல்லை. சின்னச் சின்னக் குழுவாக, அமைதியான அறையில் எடுப்பதற்கு ஒரு வாரம் கூடுதலாகும். அந்த ஒரு வாரத்தைக் கண்டிப்பாகச் செலவழிக்க வேண்டும்.

படிப்புப் பக்கம் இன்னும் மோசம். மைதானத்துக்குத் திரும்ப ஆறு படி வைத்திருக்கிறவர்கள், வகுப்புக்குத் திரும்ப ஒரு மின்னஞ்சல் வைத்திருக்கிறார்கள். பேராசிரியர்களுக்குப் போன அந்தக் கடிதத்தில் எத்தனை நாள், எந்த வேலையைக் குறைக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. ஒருவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார், இன்னொருவர் தேர்வை அதே நாளில் வைத்தார். ஸ்க்ரீனைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளை கெமிஸ்ட்ரி லேப் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தான். மாணவன் முதலில், வீரன் அப்புறம் என்று சொல்லும் இடத்தில் வரிசை தலைகீழாக இருக்கக்கூடாது.

மூன்றாவது, தகவல். பதினெட்டு வயதாகிவிட்டால் பிள்ளை கையெழுத்துப் போடாமல் நமக்கு எதுவும் சொல்லமாட்டார்கள். சட்டம் அப்படி, அதில் குறையில்லை. ஆனால் அந்தப் படிவத்தை ஆகஸ்டில் மற்ற தாள்களோடு கொடுத்திருந்தால், முதல் வாரம் முழுக்க நான் வரவேற்பு மேசையோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம். உங்கள் பிள்ளையிடம் இதை முகாம் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பில் விஷயத்தில் பெரிய சிக்கல் இல்லை. முதலில் நம் இன்சூரன்ஸ், மீதிக்குக் கல்லூரியின் இன்சூரன்ஸ். டிரெய்னரிடம் போவதற்குக் கட்டணமே இல்லை.

விலை உயர்ந்த ஹெல்மெட் வாங்கித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று நேராகச் சொன்னார்கள். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. சரியாகப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து, காற்று ஏற்றி அனுப்பினார்கள். எதையும் விற்கப் பார்க்காத கிளினிக்!

என் கணவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவர் பயம் வேறு. பல ஆண்டு மோதலால் வரும் சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு பற்றி பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்டதை அவர் மறக்கவில்லை. கல்லூரி அளவில் ஆடியவர்களின் 53 மூளைகளில் 48-இல் அது இருந்தது. ஏதோ தவறு என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள் தானம் செய்த மூளைகள் அவை. ஆகவே ஆடுகிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் அவர் கேட்பது நியாயமான கேள்வி: கன்கஷன் என்று பெயர் வைக்கப்படாத அன்றாட மோதல்களை யார் எண்ணுகிறார்கள்? ஆறு கல்லூரி அணிகளை ஐந்து சீசன் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், கன்கஷன்களில் 72 சதவீதம் பயிற்சியில் வந்தவை, கிட்டத்தட்ட பாதி சீசன் தொடங்கும் முன் முகாமிலேயே வந்தவை. என் மகனுக்கும் அங்கேதான். ஹார்வர்டு, யேல் போன்ற பழைய பல்கலைக்கழகங்களின் ஐவி லீக் அணிகள் 2016-இல் சீசன் நடுவே பயிற்சியில் முழு மோதலை நிறுத்திவிட்டன. அந்த லீகின் டார்ட்மத் கல்லூரி அதற்கும் முன்பே, 2010-இல், வீரர்கள் ஒருவரையொருவர் வீழ்த்தும் பயிற்சியையே நிறுத்திவிட்டு பொம்மைகளை வைத்துப் பழக்கியது. அப்படியும் அவர்கள் சாம்பியன்ஷிப் ஜெயித்தார்கள். நம் கிளினிக்கோ, அடிபட்டவனைக் கவனிக்கும் இடத்தில் மட்டும் நிற்கிறது. முகாமின் பயிற்சி அட்டவணையில் அவர்களுக்கு ஒரு கை இருக்க வேண்டும். நான் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஆக, திரும்ப ஆட விடலாமா? முதல் கன்கஷன், முழுதாகத் தேறியாகிவிட்டது, ஆறு படியையும் மறைக்காமல் ஏறியிருக்கிறான் என்றால் விடலாம் என்பது என் கருத்து. அந்த முடிவை எடுப்பவர் மேட்சின் வெற்றி தோல்வியால் பாதிக்கப்படாதவராக இருக்க வேண்டும். பிள்ளையிடம் விட்டால் எப்போதும் "ஆடுகிறேன்" என்பான். என்னிடம் விட்டால் எப்போதும் "வேண்டாம்" என்பேன். இரண்டுமே மருத்துவம் இல்லை.

கடைசிச் சந்திப்பில் மருத்துவரிடம் ஒன்று கேட்டேன்: எத்தனை ஆனால் நிறுத்தச் சொல்வீர்கள்? எல்லாருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது என்றார். அடுத்தடுத்த அடி முந்தியதைவிட லேசாகப் பட்டும் வருகிறதா, தேற அதிக நாள் ஆகிறதா, படிப்பும் மனநிலையும் மாறுகிறதா என்று பார்த்துச் சொல்வோம் என்றார். நல்ல பதில்தான். அதை நான் கேட்டதால் சொன்னார் என்பதுதான் குறை. அந்தப் பேச்சை முதல் கன்கஷன் ஆன வாரமே, பிள்ளையையும் எதிரில் உட்கார வைத்து, கிளினிக்கே தொடங்க வேண்டும். நீங்கள் கல்லூரி பார்க்கப் போகும்போது ஸ்டேடியத்தையும் ஜிம்மையும் காட்டுவார்கள். அங்கிருந்து டிரெய்னர் அறைக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அப்படியே, மேட்ச் நடக்கும்போது ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொள்வது யார் என்றும் கேட்டுவிடுங்கள்.